வளரிளம் பிள்ளைக்கு மனநல சிகிச்சை: நீலகிரிக் குடும்பங்கள் செலவைச் சமாளிக்கும் வழிகள்

நீலகிரியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று யாரும் யோசித்து நிற்பதில்லை. அதே பிள்ளை பதினைந்து வயதில் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காமல், பள்ளிக்குப் போக மறுத்து, கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தே படுத்திருந்தால், குடும்பம் முதலில் கோயிலுக்குப் போகிறது. பிறகு தெரிந்தவர் ஒருவர் சொன்ன தனியார் மருத்துவமனைக்குப் போகிறது. கையிருப்பு கரைந்து, அம்மாவின் தோடு அடகுக்குப் போன பிறகே அரசு உதவிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறது. என் அண்ணன் மகளுக்கு நோய் வந்தபோது எங்கள் வீட்டிலும் இந்த வரிசையில்தான் எல்லாம் நடந்தது. அவளுடைய சிகிச்சைக்காக அண்ணியோடு நான் அலைந்த இரண்டு ஆண்டுகளில் கற்றதையும், அதன்பின் கோத்தகிரியைச் சுற்றியுள்ள சில குடும்பங்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்ததில் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். அவற்றில் முதன்மையானது இதுதான்: அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, அரசு மருத்துவமனையிலிருந்து தொடங்குங்கள். பிற்பாடு தனியார் மருத்துவரிடமே சிகிச்சையைத் தொடர்ந்தாலும், ஏறத்தாழ எல்லா உதவிக்கும் அரசு மருத்துவரின் தாள் ஒன்று தேவைப்படும்.

இந்தச் செலவு எப்படி வருகிறது என்பதை முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது. குடல்வால் அறுவை சிகிச்சை என்றால் ஒரே பில், ஒரே வாரம், முடிந்துவிடும். மனநல சிகிச்சையில் பெரும்பாலும் பெரிய பில்லே வராது. மாதாமாதம் மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்கும் பயணம், அந்த ஒவ்வொரு நாளும் அம்மாவோ அப்பாவோ இழக்கும் கூலி, வெளியூரில் சாப்பாடு என்று சிறுசிறு தொகைகள் ஓராண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். காப்பீட்டுத் திட்டங்களோ பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. அதனால் ஐந்து லட்ச ரூபாய் அரசுக் காப்பீட்டு அட்டை கையில் இருந்தும் மாதச் செலவுக்கு வழியில்லாமல் தவிக்கும் குடும்பங்களைப் பார்க்கிறோம். பெரிய பில்லுக்கு ஒரு ஏற்பாடும், மாதச் செலவைக் குறைக்க வேறோர் ஏற்பாடும் தனித்தனியாக வேண்டும்.

முதல் ஓ.பி. சீட்டு

இந்த அலைச்சலுக்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு. 14416 என்ற டெலி மானஸ் எண், மத்திய அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளையின் நிலையைச் சொன்னால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டுமா, எங்கே போகலாம் என்று வழிகாட்டுவார்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

உதகையில் 700 படுக்கைகளுடன் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் குழு வட்ட அளவிலான மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வந்து நோயாளிகளைப் பார்க்கிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில், மனநல மருத்துவர் எந்தக் கிழமையில் வருகிறார் என்று கேட்டு அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பந்தலூரிலிருந்து கூடலூர், நடுவட்டம் வழியாக உதகைக்கு வந்து திரும்புவதற்கே ஒரு பகல் முழுதும் போய்விடும் என்பதால், இந்த ஒரு கேள்வியே மாதத்தில் இரண்டு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

அரசு மருத்துவமனையில் ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். இதைச் சலுகையாக நினைத்துத் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசு செலவில் நடக்கும் மனநல சேவையை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களிடம் அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனையில் அவர்களுக்குக் கட்டணமில்லாமல் சிகிச்சை தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 18-வது பிரிவு சொல்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது அதே பிரிவில் இருக்கிறது. மருந்தகச் சாளரத்தில் "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், கோபப்படாமல் மருத்துவரிடமே திரும்பிப் போய், இருப்பில் உள்ள மாற்று மருந்து இந்தப் பிள்ளைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பல முறை பொருந்தும். மருந்தை மாற்றும் முடிவு மட்டும் மருத்துவருடையதாகவே இருக்க வேண்டும்.

முதல் நாளில் மூன்று காரியங்களை மறக்காமல் செய்யுங்கள். ஓ.பி. சீட்டில் பிள்ளையின் பெயர் ஆதாரில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் நோயின் பெயரை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். மாத்திரைகளின் பெயர் மட்டும் உள்ள சீட்டு எந்த விண்ணப்பத்துக்கும் உதவாது. அங்கே மருத்துவ சமூகப் பணியாளர் இருந்தால் அவரைத் தனியாகச் சந்தித்து வீட்டு வருமானத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அண்ணி அதைச் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு மாதம் கடத்தினார். சொன்ன அன்றைக்கே அந்தப் பணியாளர் எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளோடு போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

பிள்ளை தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட நிலையில் பல குடும்பங்கள் அரசு மருத்துவமனைக்குப் போகவே பயப்படுகின்றன. போலீஸ் வழக்காகிவிடும், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் மலையிறங்கித் தனியார் மருத்துவமனைக்குப் போய்க் கேட்ட தொகையைக் கட்டுகிறார்கள். அந்த நிலையில் உள்ளவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் 115-வது பிரிவில் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம். ஒரு காவலர் வந்து விவரம் கேட்கலாம். அதற்குப் பயந்து நேரத்தையும் பணத்தையும் இழக்காதீர்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பு தருகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் கார்டு, குடும்பத்தினர் அனைவரின் ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிய வேண்டும். சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

நடைமுறையில் இடறுவது வேறோர் இடத்தில். ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் இல்லாவிட்டால் அட்டையிலும் இராது. பெற்றோர் திருப்பூரில் பின்னலாடை வேலையில் இருக்க, பிள்ளை இங்கே பாட்டி வீட்டில் படிக்கும் குடும்பங்கள் நம் மலையில் ஏராளம். பெயர் பெற்றோரின் கார்டிலும், சிகிச்சை பாட்டியின் ஊரிலுமாக இருக்கும். தமிழ்நாட்டுக்குள் எந்த மாவட்டத்திலும் அட்டை செல்லும் என்றாலும், அட்டை பெற்றோரின் பெட்டியில் திருப்பூரில் கிடந்தால் அவசரத்துக்கு உதவாது. ஒரு நகலாவது பாட்டி கையில் இருக்கட்டும்.

எந்த நோய்க்கு, எத்தனை நாளுக்கு, எந்த மருத்துவமனையில் என்பதெல்லாம் சிகிச்சைத் தொகுப்புகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் நோயின் பெயரைச் சொல்லி, இந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். சேரம்பாடி, பந்தலூர்ப் பகுதியினர் வயநாட்டு மருத்துவமனைகளுக்குப் போவது பக்கம் என்பதால் இயல்பு. அங்கே நம் அட்டை செல்லுமா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்வது இன்னும் முக்கியம்.

உதகையில் முடியாத சிகிச்சை என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சிக்கலான நிலையில் சிலரை பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸுக்கும் அனுப்புவதுண்டு. அங்கே குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித் துறை இருக்கிறது, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. அதற்கு வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் அசலாகவே கொண்டுபோக வேண்டும். கூடலூர் வழியாகப் போனால் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பெரும்பாலான வாகனங்களுக்கு மூடப்படும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக வாடகைக் கார் பிடித்துச் சோதனைச் சாவடியில் நின்று காத்திருப்பதைவிட முந்தைய நாளே பஸ்ஸில் கிளம்புவது மலிவு.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை மனநலப் பிரிவில் சேர்த்தால், பெரியவர்களிடமிருந்து தனியாக வைக்க வேண்டும், பெற்றோரோ அவர்கள் சார்பில் ஒருவரோ முழு நாட்களும் உடன் இருக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87-வது பிரிவு சொல்கிறது. பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒருவருடைய சம்பளம் அத்தனை நாளும் நின்றுவிடும். எத்தனை நாள் ஆகலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு, யார் எந்த வாரம் தங்குவது என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

தனியார் பாலிசி இருந்தால்

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. இங்கேதான் நாங்கள் அடிபட்டோம்.

அண்ணன் காய்கறி லாரி ஓட்டுகிறார். ஏஜென்ட் ஒருவர் சொல்லி, குடும்பம் முழுவதற்கும் ஒரு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுத்து நாலு வருடமாகப் பிரீமியம் கட்டி வந்திருந்தார். மகளைச் சமவெளியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் சேர்த்து, பில்லைக் கட்டிவிட்டு, தொகையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தார். காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. மறுப்புக் கடிதத்தை அடுப்படி வெளிச்சத்தில் வைத்து நானும் அண்ணியும் வரிவரியாகப் படித்தோம். மனநோய் என்பதால் மறுக்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல்பகுதியில், பிள்ளை "கண்காணிப்புக்காகச் சேர்க்கப்பட்டார்" என்று ஒரு வரி இருந்தது. வெறும் கண்காணிப்புக்காகவோ பரிசோதனைக்காகவோ சேர்ப்பதற்குப் பணம் இல்லை என்று பாலிசியின் விதியில் இருந்தது. அவளுக்கு ஒன்பது நாளும் மருந்து கொடுத்து, அளவை மாற்றி, தூக்கத்தைச் சீராக்கி அனுப்பியிருந்தார்கள். ஆனால் அது சம்மரியில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. மருத்துவரைப் பார்த்து நடந்ததை எடுத்துச் சொன்னதும், அவர் வார்டுக் குறிப்பேட்டைப் பார்த்து, ஏன் சேர்க்க வேண்டியிருந்தது, என்ன சிகிச்சை தரப்பட்டது என்பதை விவரமாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மறுபடி விண்ணப்பித்ததில் பெரும்பகுதி கிடைத்தது. ஆகவே வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே நின்று படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள்.

உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் 21-வது பிரிவில் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்தையும் கட்டாயப்படுத்துகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018-லும் 2022-லும் அதை நிறுவனங்களுக்கு வலியுறுத்தி உத்தரவிட்டது. 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே "மனநோய்க்கு இந்தப் பாலிசியில் கிடையாது" என்று வாய்வழியாக யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பேச்சு மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுப்பு எழுத்தில் வந்தால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை; ஆனால் நிறுவனத்தின் முடிவு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். இதற்கு முன்படியாக, காப்பீட்டு ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

புதிதாகப் பாலிசி எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு ஏற்கெனவே சிகிச்சை நடக்கிறது என்பதை மறைத்துப் படிவம் நிரப்பாதீர்கள், ஏஜென்ட் நிரப்பித் தருவதாகச் சொன்னாலும் விடாதீர்கள். உண்மையைச் சொல்லி எடுத்தால் முன்பே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க நேரும். மறைத்து எடுத்தால், தேவைப்படும் நாளில் பாலிசியே இல்லாமல் போய்விடலாம்.

தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்கள்

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொடங்கி, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்து வருகிறது. தோட்ட டிஸ்பென்சரியில் மனநல மருத்துவர் இருக்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறோம் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால், அன்றைய விடுப்புக்கும் அது ஆதாரமாகிறது, அவசரத்தில் தோட்ட வண்டியைக் கேட்கவும் வழியாகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து ஊதியத்தில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்யப்படுகிறவர்கள், தங்கள் பிள்ளைக்கும் அந்த மருத்துவ உரிமை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதன் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய்.

பி.எஃப். பணத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. மருத்துவத்துக்காக பி.எஃப். கணக்கிலிருந்து முன்பணம் எடுக்கலாம் என்பது தெரியும். அந்த விதியில், குடும்பத்தாருக்கு வரும் நோய்களின் பட்டியலில், காசநோய், புற்றுநோய் ஆகியவற்றோடு மனநோயும் நெடுங்காலமாகவே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, வட்டியும் இல்லை. பி.எஃப். உறுப்பினருக்குத் தரப்படும் யூ.ஏ.என். எண் ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் இணைந்திருந்தால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் தோட்ட அலுவலகத்து கிளார்க்கிடம் கேட்டு முதலில் இணைத்துக்கொள்ளுங்கள், அவசரம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முதுமைக்கான பணம் என்பதால் முதலில் இதில் கை வைக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் வாரத் தவணைக் கடனா, பி.எஃப். முன்பணமா என்ற நிலை வந்தால் சற்றும் தயங்காமல் பி.எஃப். பக்கம் போங்கள். பிள்ளை படுத்திருக்கும் வீட்டின் வாசலில் வசூலுக்கு ஆள் வந்து சத்தம் போடுவது அந்தப் பிள்ளையை என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மகளிர் சுய உதவிக் குழுவில் அம்மா இருந்தால், குழுவின் உள்கடனும் ஒரு நல்ல வழிதான். எதற்கு என்று கேட்டால் "மருத்துவச் செலவு" என்று சொன்னால் போதும். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுப்பதா?

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு யாரும் பதில் சொல்லிவிடக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயையும் சேர்த்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவக் குழு சான்றளித்தால் நலத்திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளையும் கேட்கலாம். பெற்றோர் வருமான வரி கட்டுபவரானால், பழைய வரி முறையில் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது தேவையில்லை. மனச்சோர்வோ பதற்றமோ வந்து, சிகிச்சையில் தேறி, அடுத்த ஆண்டு பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகளே அதிகம். நோய் வந்த மூன்றாம் மாதத்திலேயே சான்றிதழுக்கு ஓடுவது அந்தப் பிள்ளைக்கு "நீ தேறமாட்டாய்" என்று நாமே சொல்வதுபோல் ஆகிவிடும். நோய் ஆண்டுக்கணக்கில் நீளும் என்று மருத்துவரே சொல்லி, சிகிச்சை நடந்தும் படிப்பும் அன்றாட வேலைகளும் தடைப்பட்டே இருந்தால், அப்போது தயங்காமல் எடுக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் சான்றும் உண்டு. அது காலாவதியானதும் மறுமதிப்பீடு செய்வார்கள். எதுவானாலும் பிள்ளையைக் கேட்காமல் செய்யாதீர்கள். பதினாறு வயதுப் பெண்ணின் புகைப்படத்தை அவளுக்குத் தெரியாமல் ஒரு விண்ணப்பத்தில் ஒட்டுவது, மருத்துவர் மாதக்கணக்கில் வளர்த்த நம்பிக்கையை ஒரே நாளில் உடைத்துவிடும்.

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ ஏற்கெனவே இருந்து, அதோடு மனநல சிகிச்சையும் தேவைப்படும் பிள்ளையாக இருந்தால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டைக் கட்டாயம் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும் அந்தத் திட்டத்தில் புறநோயாளிச் செலவுக்கும் இடம் இருக்கிறது. மனநோய் மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு அது பொருந்தாது.

மாதச் செலவைக் குறைக்க

தனியார் மருத்துவரிடம் தொடர்பவர்கள், மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரையும் எழுதித் தரும்படி கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் அதே மருந்து மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். கடைக்காரர் வேறு பெயருள்ள மாத்திரை அட்டையைக் கொடுத்தால், அடுத்த முறை மருத்துவரிடம் அந்த அட்டையையே காட்டிச் சரிபாருங்கள்.

மழைக்காலத்துக்கு முன் மாத்திரையைக் கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள். ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர்ப் பக்கமும், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மண் சரிந்து மரம் விழுந்து சாலை அடைபடுவது நமக்குப் புதிதல்ல. இரண்டு வாரத்துக்கான மாத்திரை கையிருப்பில் இல்லாமல் மருந்து திடீரென நின்று, நோய் திரும்பி, மறுபடி படுக்கையில் சேர்க்க நேர்ந்தால் ஏற்படும் செலவோடு ஒப்பிட்டால், ஒரு மாதம் முன்பே போய் மருந்து வாங்கிவரும் பஸ் செலவு ஒன்றுமே இல்லை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கும் திட்டத்தை நீலகிரி உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கும் விரிவுபடுத்துவதாக 2024-ல் அறிவித்தார்கள். அம்மாவும் மகளும் போகும் நாளில் அந்தப் பேருந்தின் நேரம் பார்த்துக் கிளம்பினால் அதுவும் மிச்சம். நேரில் போகத் தேவையில்லாத வாரங்களில் 14416-லேயே ஆலோசகரிடம் பேசலாம்.

பள்ளியைப் பற்றி ஒரு சொல். ஆண்டு வீணாகிறதே என்று அரசுப் பள்ளியிலிருந்து பெயரை நீக்கி டுடோரியலில் சேர்க்க நினைப்பவர்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் மருத்துவப் படிப்பின் 7.5 சதவீத ஒதுக்கீடும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்பதைப் பார்த்தே தரப்படுகின்றன. தலைமையாசிரியரிடம் மருத்துவச் சான்றைக் கொடுத்து, பெயரை நீக்காமல் வைக்கக் கேளுங்கள்.

கேட்டுப் பார்க்க வேண்டிய வேறு இடங்கள்

தாய் மட்டும் தனித்து வளர்க்கும் பிள்ளை, பெற்றோரில் ஒருவர் கடும் நோயில் கிடக்கும் வீட்டுப் பிள்ளை, பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளை ஆகியோருக்கு மிஷன் வத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. ஊரகத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்; வழி தெரியாவிட்டால் 1098-ஐ அழைத்துக் கேட்கலாம்.

எந்தத் திட்டத்திலும் அடங்காத நெருக்கடிக்கு, உதகை பிங்கர்போஸ்ட்டில் உள்ள கூடுதல் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். மனுவில் நோயின் வரலாற்றை எழுதாதீர்கள். எந்த உதவி, எவ்வளவு, எதற்கு என்று அரைப் பக்கத்தில் எழுதி, மருத்துவரின் சான்றை மூடிய உறையில் இணையுங்கள். கொடுத்த மனுவுக்கு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். உரிமை மறுக்கப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். பெண்களும் குழந்தைகளும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பு இல்லாமலே அதைப் பெறலாம், எண் 15100. கூடலூர், பந்தலூர்ப் பகுதிப் பழங்குடிக் குடும்பங்களுக்குக் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை நெடுங்காலமாகத் துணை நிற்கிறது. பணியரோ காட்டுநாயக்கரோ அங்கே தன் பேச்சு புரியுமா என்று தயங்க வேண்டியதில்லை.

தாள்களும் பதினெட்டாம் பிறந்தநாளும்

அண்ணி ஒரு மஞ்சப்பையில் எல்லாத் தாளையும் வைத்திருந்தார். ஒவ்வொரு மாதத் தாளையும் தனித்தனியாக நூலால் கட்டி, மேலே மாதத்தின் பெயரைப் பேனாவால் எழுதியிருப்பார். ஓ.பி. சீட்டு, மருந்து பில், பஸ் டிக்கெட்கூட இருக்கும். அந்தப் பை இருந்ததால்தான் காப்பீட்டு விண்ணப்பத்தை இரண்டாம் முறை ஒரே இரவில் தயார் செய்ய முடிந்தது. எந்த அலுவலகத்திலும் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பழைய தாள் தொலைந்தால் மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். மருத்துவப் பதிவேடுகளைப் பெறும் உரிமையும், அவை இரகசியமாகக் காக்கப்படும் உரிமையும் அதே 2017 சட்டத்தில் இருக்கின்றன.

பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்புவதற்கு மூன்று மாதம் முன்பே சில வேலைகளைத் தொடங்க வேண்டும். அதன்பின் சிகிச்சைக்கான சம்மதத்தை அவர்தான் தர வேண்டும். தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரைப் பிரதிநிதியாக அவரே எழுத்தில் நியமிக்கலாம். மிஷன் வத்சல்யா உதவி நின்றுவிடும். ஆதாரில் விவரங்களைப் புதுப்பித்து, அவர் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, தனியார் பாலிசியில் எந்த வயதுவரை பெயர் நீடிக்கும் என்று எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் மகளுக்குப் பதினெட்டு ஆன வாரத்தில் அண்ணி அந்த மஞ்சப்பையை அவள் கையில் கொடுத்தார். அவள் நூலை ஒவ்வொன்றாக அவிழ்த்து, தாள்களைத் தன் போனில் படம் எடுத்துவிட்டு, அதே வரிசையில் திரும்பக் கட்டி வைத்தாள். அடுத்த மாதம் உதகைக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நின்றது அவளே.